சுவரைத் தாண்டிய எலக்ட்ரானுக்கு ஆற்றல் குறைந்திருக்குமா?

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்களுக்குக் குவாண்டம் இயக்கவியல் எடுக்க ஆரம்பித்த முதல் சில வருடங்கள், பாடம் நன்றாகப் போகிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். கரும்பலகை நிறைய எழுதுவேன், டெரிவேஷனில் ஒரு வரி விடமாட்டேன், புரியவில்லை என்று யாராவது சொன்னால் முதலிலிருந்து மறுபடி போடுவேன். பிள்ளைகளும் அதை செமஸ்டர் தேர்வில் அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். எலக்ட்ரான் தன் ஆற்றலைவிட உயரமான ஒரு தடுப்பை ஊடுருவி அந்தப் பக்கம் போகும் டனலிங் கணக்கு 10 மார்க் கேள்வியாக அடிக்கடி வரும். இடத்தை மூன்றாகப் பிரித்து, எல்லைகளில் எலக்ட்ரானை விவரிக்கும் அலைச் சார்பையும் அதன் சாய்வையும் பொருத்தி, கடைசியில் ஊடுருவும் நிகழ்தகவு வரைக்கும் தடங்கலில்லாமல் எழுதிவிடுவார்கள்.

ஒரு வருடம் அந்தப் பாடம் முடிந்த மறுநாள், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது சும்மா ஒரு கேள்வி கேட்டேன். தடுப்பைத் தாண்டி வந்துவிட்ட எலக்ட்ரானின் ஆற்றல், அது கிளம்பும்போது இருந்ததைவிடக் கூடவா, குறைவா, அதேதானா? பாதிக்கு மேல் குறைவு என்று கை தூக்கினார்கள். வகுப்பிலேயே நன்றாகக் கணக்குப் போடும் பெண்ணும் அதற்குத்தான் தூக்கினாள். ஏன் என்று கேட்டேன். "தடுப்புக்குள்ள கஷ்டப்பட்டுப் போயிருக்கும்ல மேம், அதுக்குக் கொஞ்சம் செலவாகியிருக்கும்."

ஆற்றல் குறையவே குறையாது. முந்தின நாள் அவளே எழுதிய சமன்பாட்டில் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆற்றல்தான் இருக்கிறது, அலைநீளமும் ஒன்றேதான். குறைவது அலையின் உயரம், அதாவது எலக்ட்ரான் அந்தப் பக்கம் இருப்பதற்கான வாய்ப்பு. அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது என்பதைப் பற்றி மட்டும் நேர்மாறான ஒரு சித்திரம் மனதில் இருந்திருக்கிறது, என் தேர்வுத்தாள் எதுவும் அதை வெளியே கொண்டுவரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு தேடிப் படித்தபோதுதான் இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தவறு மட்டும் இல்லை என்று தெரிந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் சாரா மெக்ககன், கேத்தரின் பெர்கின்ஸ், கார்ல் வீமன் மூவரும் டனலிங்கை மாணவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றியே 2008இல் ஒரு தனி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் மாணவர்கள் இதையேதான் சொல்கிறார்கள். ஒரு காரணம் பாடப்புத்தகப் படம். தடுப்பின் உயரத்தையும், எலக்ட்ரானின் ஆற்றலைக் காட்டும் கோட்டையும், அலைச் சார்பையும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்துவிடுகிறோம். செங்குத்து அச்சு முதல் இரண்டுக்கும் ஆற்றல், மூன்றாவதுக்கு வேறு ஏதோ. வலப்பக்கம் அலை தணிந்து தெரிவதைப் பார்க்கிற பிள்ளை ஆற்றல் தணிந்ததாகத்தானே படிக்கும்? அந்தப் படத்தை வருடா வருடம் வண்ணச் சாக்பீஸில் அழகாக வரைந்தவள் நான். இப்போது இரண்டு தனிப் படங்களாகத்தான் வரைகிறேன், ஒன்று மேலே, ஒன்று கீழே.

வீமன் யாரென்று தெரியாதவர்களுக்கு: ருபீடியம் அணுக்களைக் குளிரவைத்து, அவை ஒரே குவாண்டம் நிலைக்கு வந்துவிடும் போஸ் ஐன்ஸ்டைன் ஒடுக்கத்தை 1995இல் உண்டாக்கியவர்களில் ஒருவர், அதற்காக 2001இல் நோபல் பரிசு பெற்றவர். அப்படிப்பட்டவர் அதற்குப் பிறகு தன் உழைப்பின் பெரும்பகுதியை இளங்கலை மாணவர்களுக்கு இயற்பியல் எப்படிப் புரியவைப்பது என்கிற கேள்விக்குக் கொடுத்தார். வகுப்பறையையும் ஓர் ஆய்வுக்கூடம் மாதிரிப் பார்த்து, இந்த முறை வேலை செய்கிறதா இல்லையா என்று அளந்து பார்க்கலாம் என்பது எனக்கு உறைத்தது அவரைப் படித்த பிறகுதான்.

நான் முதலில் கையிலெடுத்தது எரிக் மஸூர் ஹார்வர்டில் 1991இல் தொடங்கிய முறையை. கேட்க எளிமையாக இருக்கும். ஒரு கருத்தைப் பத்து நிமிடம் சொல்ல வேண்டும், பிறகு கணக்குப் போட்டு விடை காணமுடியாத, யோசித்தால் மட்டுமே பிடிபடுகிற ஒரு கேள்வியை நாலு விடைகளோடு போட வேண்டும். ஒவ்வொருவரும் பேசாமல் யோசித்து ஒரு விடைக்கு ஓட்டுப் போடவேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடவேண்டும், பிறகு மறுபடியும் ஓட்டு. ஆசிரியர் விளக்குவது அதற்குப் பிறகுதான். முதல் ஓட்டில் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் அது நல்ல கேள்வி. அதற்குக் கீழே போனால் வாதாட ஆளில்லை, மேலே போனால் வாதாட வேண்டிய தேவையில்லை.

பட்டனை அழுத்தி ஓட்டுப் போடும் கருவி எங்கள் கல்லூரியில் கிடையாது. விரலைக் காட்டச் சொல்கிறேன். ஒரு விரல் அ, இரண்டு ஆ, மூன்று இ, நாலு ஈ. கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக் காட்டவேண்டும், தலைக்கு மேல் தூக்கக்கூடாது. தூக்கினால் பின் பெஞ்சு முழுவதும் முன் பெஞ்சைப் பார்த்து விரலை மாற்றிவிடும். அந்த முதல் ஓட்டு தனியாக விழவேண்டும் என்பதில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன், ஏனென்றால் ஒரு விடைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர்தான் அதற்காகச் சண்டை போடுவார், இல்லாவிட்டால் நான் சரியான விடையைச் சொல்லும்வரை காத்திருந்து நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் முதல் இரண்டு வாரம் சண்டையே நடக்கவில்லை. "டிஸ்கஸ் வித் யுவர் நெய்பர்" என்றேன், மயான அமைதி. கேள்வி ஆங்கிலத்தில், விடைகள் ஆங்கிலத்தில், பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் வகுப்பில் பாதிப் பேர். ஆங்கிலத்தில் பேசிக் காட்டவேண்டுமோ என்று பயந்து வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம் கேள்வியைத் தமிழில் கரும்பலகையில் எழுதி, "எப்படி வேணும்னாலும் பேசுங்கப்பா, கேன்டீன்ல பேசுற மாதிரி பேசுங்க" என்றேன். அறை இரைந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கேட்டுக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்தபோது, இத்தனை வருடம் நான் அறியாத என்னென்னவோ காதில் விழுந்தது.

அதில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், தமிழில் இந்தப் பாடம் எடுக்கிற யாருக்காவது உதவும். இரண்டு பையன்கள் வெகுநேரம் முட்டிக்கொண்டிருந்தார்கள். "நிலையை அளந்தா நிலை மாறுமா மாறாதா" என்பதுதான் பிரச்சினை. ஒருவன் நிலை என்று சொன்னது இடத்தை, பதினொன்றாம் வகுப்பில் படித்த நிலை வெக்டரிலிருந்து வந்த நிலை. இன்னொருவனுக்கு அது குவாண்டம் நிலை. இதற்கு நடுவில் நிலை ஆற்றல் வேறு இருக்கிறது, தடுப்பின் உயரமே அதுதான்! நிலையான நிலை என்று ஒரு சொல்லும் புத்தகத்தில் வருகிறது. ஒரே சொல் நாலு வேலை செய்கிறது, நாலும் ஒரே கேள்விக்குள் வந்து நிற்கும். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு ஒப்பந்தம்: இடம் என்றால் இடம், நிலை என்றால் குவாண்டம் நிலை மட்டும், மற்றது பொட்டன்ஷியல். எலக்ட்ரானுக்கே உரிய ஸ்பின் என்ற குவாண்டம் பண்பைத் தற்சுழற்சி என்று சொல்வதையும் விட்டுவிட்டேன், அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு பம்பரம் மனதுக்குள் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது, பிறகு அதை நிறுத்த முடிவதில்லை. ஸ்பின் என்றே சொல்கிறோம்.

இனி என் மனதுக்கு மிகவும் பிடித்த ஒன்று. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியல் துறை 1997இலிருந்து தன் மேல்வகுப்புப் பாடங்களையே கலைத்து அடுக்கி நடத்துகிறது. கோரின் மனோக் அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர். கையை வைத்துக் கலப்பு எண்களை நடித்துக் காட்டும் பயிற்சி அங்கே உருவானது. கணினி வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். தோள்தான் மையப்புள்ளி. கை பக்கவாட்டில் நேராக நீண்டால் ஒன்று, நேர் மேலே தூக்கினால் கற்பனை அலகான ஐ. எண்ணை எதனாலாவது பெருக்கச் சொன்னால் கை திரும்பவேண்டும்.

பெஞ்சுகளுக்கு நடுவில் கை சுற்ற இடம் போதாது என்பதால் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். எல்லோரும் ஒரே திசை பார்த்து நிற்க வேண்டும், வலது கையால் மட்டும் காட்ட வேண்டும். இருவர் இருவராக நிற்கச் சொல்வேன். ஒருவர் ஸ்பின் மேல்நோக்கி இருப்பதற்கான எண், இன்னொருவர் கீழ்நோக்கி இருப்பதற்கானது, இருவரும் சேர்ந்துதான் ஒரு நிலை. இரண்டு கையும் வலப்பக்கம் நீண்டிருந்தால் எக்ஸ் திசையில் ஸ்பின் உள்ள நிலை. இப்போது இருவருமே ஐயால் பெருக்குங்கள் என்பேன், இரண்டு கையும் மேலே போகும். நிலை மாறிவிட்டதா? மாறிவிட்டது என்பார்கள், கண்ணுக்கு மாறித்தானே தெரிகிறது. நிகழ்தகவுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள் என்றால் அந்த இடத்திலேயே மண்ணில் குச்சியால் போட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் மாறவில்லை என்பார்கள். சரி, இப்போது இரண்டாவது ஆள் மட்டும் கையைத் தூக்கட்டும். இது வேறு நிலை, ஒய் திசையில் ஸ்பின் உள்ளது. இரண்டாவது ஆள் கையை எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் எக்ஸ் திசைக்கு எதிர்த்திசை. கைகள் எங்கே காட்டுகின்றன என்பதற்கு அர்த்தம் இல்லை, இரண்டு கைக்கும் நடுவில் உள்ள கோணத்துக்குத்தான் அர்த்தம் இருக்கிறது என்பதை நான் சொல்லாமலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். கட்டம், அதாவது ஃபேஸ், பற்றி நான் கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதியும் இது போய்ச் சேர்ந்ததில்லை.

அடுத்தது பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரான். முதல் ஆற்றல் மட்டத்துக்கு ஒருவர், இரண்டாவதற்கு ஒருவர். காலம் நகர நகர ஒவ்வொருவர் கையும் கடிகார முள் போகிற திசையில் சுற்றவேண்டும், வேகம் அவரவர் ஆற்றலுக்கு ஏற்ப. இரண்டாம் மட்டத்துக்கு முதல் மட்டத்தைப்போல் நாலு மடங்கு ஆற்றல் என்பதால், ஒருவர் மெதுவாக ஒரு சுற்று முடிப்பதற்குள் மற்றவர் நாலு சுற்று சுற்றியாகவேண்டும். முதலில் ஒருவர் மட்டும் சுற்றுகிறார். எங்கே எவ்வளவு நிகழ்தகவு என்பது மாறுகிறதா? மாறாது, கோணம் ஒப்பிட அங்கே இன்னொரு கை இல்லையே. கை சுற்றிக்கொண்டே இருந்தாலும் ஏன் அதற்கு நிலையான நிலை என்று பெயர் வைத்தார்கள் என்று அந்த நொடியில் பிடிபடுகிறது. பிறகு இருவரும் சேர்ந்து சுற்றுகிறார்கள், மற்றவர்கள் எண்ணுகிறார்கள். இரு கைகளும் ஒரே பக்கம் காட்டும்போது எலக்ட்ரான் பெட்டியின் இடது பாதியில் அதிகமாக இருக்கும், எதிரெதிராகக் காட்டும்போது வலது பாதியில். மெதுவான கை ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டும் மூன்று முறை ஒன்றுகூடுகின்றன. ஏன் மூன்று? நாலில் ஒன்று போனால் மூன்று. ஆற்றல்களின் வித்தியாசம்தான் வெளியே தெரிகிற அதிர்வெண் என்பது இதுதான். போன வருடம் ஒரு பையன், கடிகாரத்தில் 12 மணி நேரத்தில் இரண்டு முள்ளும் 11 முறை சேர்வதும் இதே கணக்குதானே மேம் என்று கேட்டான். அதேதான்.

இந்தப் பெட்டியை வைத்தே இன்னொரு கேள்வி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சந்திரலேகா சிங், குவாண்டத்தில் அளவிடுதல் பற்றி மாணவர்கள் எங்கெல்லாம் தடுமாறுகிறார்கள் என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிவருகிறார். அவர் கட்டுரைகளைப் படித்துவிட்டு நான் அமைத்துக்கொண்ட கேள்வி இது. முதல் மட்டமும் இரண்டாம் மட்டமும் சரிபாதியாகக் கலந்த நிலை. ஆற்றலை ஒருமுறை அளந்தால் என்ன கிடைக்கும்? நிறையப் பேர் முதல் மட்டத்தைப்போல் 2.5 மடங்கு என்பார்கள். ஒன்றையும் நாலையும் கூட்டி இரண்டால் வகுத்தது. எதிர்பார்ப்பு மதிப்பு என்று தேர்வில் கணக்கிட்டதும் அதேதான், விடையும் சரியாக வந்தது, மதிப்பெண்ணும் போட்டோம், ஆகவே அதுதான் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். இதை உடைத்தது நான் இல்லை. ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "டைஸ் போட்டா சராசரி 3.5 வரும்டி, 3.5ன்னு ஒரு முகம் இருக்கா?" இரண்டாவது ஓட்டில் விரல்கள் மாறிவிட்டன.

அதோடு விடக்கூடாது. நாலு மடங்கு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம், உடனே மறுபடி அளந்தால்? நாலுதான், இதில் தகராறு இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்? இங்கேதான் வகுப்பு இரண்டாகிறது. கொஞ்ச நேரம் போனால் அது பழைய கலந்த நிலைக்கே திரும்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், ரப்பரை இழுத்து விட்டதுபோல. திரும்பாது, ஒரு மணி நேரம் கழித்தும் நாலுதான். சரி, நடுவில் அதன் இடத்தை ஒருமுறை அளந்துவிட்டு அப்புறம் ஆற்றலை அளந்தால்? இப்போது முதல், இரண்டாம் மட்டங்கள் மட்டுமில்லை, எந்த மட்டமும் வரலாம். இந்த நாலு கேள்வி கோத்து வர ஒரு மணி நேரம் முழுதாக ஆகிவிடும், எனக்கு அது வீணான மணி நேரமாகத் தோன்றியதே இல்லை.

கணினியில் பார்க்க நல்ல பாவனை நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் தளம் இருக்கிறது, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆன்ட்யே கோன்லே முன்னின்று உருவாக்கிய குவிஸ் (QuVis) தளம் இருக்கிறது. புரொஜெக்டரில் நான் ஓட்டிக் காட்டுவதால் பயன் குறைவு. ஓட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் எழுதிவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்ப்பு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, முதலில் பிள்ளைகளிடமிருந்தே. மேம் பாடமே நடத்தமாட்டேங்கிறாங்க, எங்களையே பேசவிட்டுடறாங்க என்று துறைத்தலைவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மனசு வலித்தது. ஹார்வர்டில் லூயி டெலோரியேயின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் அந்த வலி கொஞ்சம் குறைந்தது. ஒரே பாடம், ஒரே குறிப்புகள், ஒரு பிரிவு நல்ல பேச்சாளரின் விரிவுரையைக் கேட்கிறது, இன்னொரு பிரிவு குழுவாக உட்கார்ந்து தானே போராடுகிறது. தேர்வில் போராடியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் எங்கே அதிகம் கற்றதாக உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். தடுமாற்றம் இல்லாத வகுப்பு புரிந்தது மாதிரி இருக்கும். இப்போது செமஸ்டர் தொடக்கத்திலேயே இந்த ஆய்வைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன், தலை கிறுகிறுக்கும், அப்படித்தான் இருக்கும் என்று. புகார் அதற்குப் பிறகு வரவில்லை.

சிலபஸ் எப்படி முடியும் என்பது சக ஆசிரியர்கள் கேட்பது, நியாயமான கேள்வி. ஐந்து யூனிட், அதில் சார்பியலும் சேர்ந்தே இருக்கிறது. நான் சில டெரிவேஷன்களைக் கரும்பலகையில் போடுவதை நிறுத்திவிட்டேன். கையால் எழுதி, ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி தமிழில் குறித்து, முந்தின வாரமே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டு வந்து சிக்குகிற அடியைச் சொன்னால் அதை மட்டும் பேசுவோம். எல்லோரும் படித்துவிட்டு வருவதில்லை, உண்மைதான். காலையில் வேலைக்குப் போய்விட்டுக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் உண்டு, அவர்களிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வராது, அவர்களுக்காக முதல் பத்து நிமிடம் ஒதுக்குகிறேன். அறிவியல், பொறியியல் வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. வெறும் விரிவுரை வகுப்பில் தோற்கிறவர்களின் விகிதம், மாணவர்கள் பங்கெடுக்கும் வகுப்பைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது. தோற்கிற வரிசையில் முதலில் நிற்பது பெரும்பாலும் குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிற எனக்கு, அந்த எண்ணைச் சும்மா தாண்டிப் போகமுடியவில்லை.

இந்த வருடக் கடைசி வகுப்புகளில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பழுதான ஒரு கணினித் திரையிலிருந்து ஒளியைத் தளவிளைவாக்கும், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும், படலங்களை உரித்து, பசையைச் சுரண்டி, மூன்று துண்டாக வெட்டி வைத்திருந்தேன். இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் இருட்டு. நடுவில் மூன்றாவதைச் சாய்வாகச் செருகினால் என்ன ஆகும்? இன்னும் இருட்டாகும் என்றுதான் முக்கால்வாசி விரல்கள் சொன்னன. செருகினேன், வெளிச்சம் வந்தது. முதல் படலத்தைத் தாண்டியதில் கால் பங்கு. இதற்கு அலை போதுமே மேம், குவாண்டம் எதற்கு என்று ஒருவன் கேட்டான், மிகச் சரியான கேள்வி. ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக அனுப்பினால் கால் பங்கு என்பது என்னவாகும், கால் ஃபோட்டான் உண்டா என்று திருப்பிக் கேட்டேன்.

அங்கிருந்து ஸ்டெர்னும் கெர்லாக்கும் ஃப்ராங்க்ஃபர்ட்டில் 1922இல் வெள்ளி அணுக்களின் கற்றையைக் காந்தத்தின் வழியே விட்டு, அது இரண்டாகப் பிரிவதைக் கண்ட சோதனைக்குப் போனோம். ஸ்பின் என்ற எண்ணமே 1925இல்தான் வந்தது, அவர்கள் அதைப் பார்த்தபோது பார்த்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. மேல்நோக்கி வந்த அணுக்களை மட்டும் எடுத்து, எக்ஸ் திசைக் காந்தத்தில் பிரித்து, அதில் ஒரு கற்றையை மட்டும் மறுபடி மேல்கீழ் காந்தத்தில் விட்டால் பாதி மேலே, பாதி கீழே. படலத்தைக் கண்ணால் பார்த்திருந்ததால் இது சீக்கிரம் ஏறிவிட்டது. பிறகு கடைசிக் கேள்வியைப் போட்டேன். எக்ஸ் திசையில் பிரிந்த இரண்டு கற்றைகளையும், எது எந்த வழியில் போனது என்று பார்க்காமல், அப்படியே ஒன்றாகச் சேர்த்துக் கடைசிக் காந்தத்தில் விட்டால்? இதற்கும் பாதிப் பாதி என்றார்கள். அத்தனையும் மேலேதான் வரும். ஒரு வழியை மூடினால் வந்துசேர்கிற அணுக்களில் பாதி கீழே போகின்றன, இரண்டு வழியையும் திறந்துவிட்டால் கீழே ஒன்றுகூடப் போவதில்லை. கைகளை நீட்டிக் கூட்டிப் பாருங்கள் என்றேன், நாலைந்து பேர் எழுந்து நின்று கையை நீட்டினார்கள். மணி அடித்தும் யாரும் கிளம்பவில்லை.

அன்று இரவு பத்து மணிக்கு வாட்ஸப்பில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மேம், யாரும் பாக்கலன்னு அணுவுக்கு எப்படித் தெரியும்?" பதிலை அனுப்பவில்லை. அதையே அடுத்த வகுப்பின் ஓட்டுக் கேள்வியாக மாற்ற உட்கார்ந்தேன். பார்ப்பது என்றால் மனிதர் ஒருவர் பார்ப்பது என்பது அ. கருவி திரையில் எண்ணைக் காட்டுவது என்பது ஆ. போன வழியைப் பற்றிய தடயம் எங்காவது, ஒரு காற்று மூலக்கூறிலாவது, மிஞ்சியிருப்பது என்பது இ. ஈக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அது அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே நினைக்கக்கூடிய தவறாக இருக்கவேண்டும்.